மூன்றாம் தொட்டித் தண்ணீர்

எனக்கு மேடையில் பேச வராது. வாயைத் திறந்தால் முதலில் இருமல் வரும், பிறகு யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள், அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் ஜெயந்தி போன் செய்து, "சார், நீங்க வந்து ஒரு பத்து நிமிஷம் பேசினா நல்லா இருக்கும் சார்" என்று கேட்டபோது முடியாது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்து பதினோரு நாளாகிறது.

ஜெயந்தி என்னோடு எக்ஸ்ரே பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்த தவறு என்னுடையது. அது கட்டடத்தின் மேல் போய் விழ வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து புது மாதிரி எக்ஸ்ரே தகடு ஒன்றை ஜெயந்தியின் அறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். உடம்பைத் தாண்டி வருகிற கதிரை எது வாங்கிப் படமாக்குகிறதோ, அதற்கு இப்போது டிடெக்டர் என்று பெயர். எங்கள் காலத்தில் அது பிலிம். பிலிம் என்றால் வெள்ளி உப்பும் மாட்டெலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினும் பூசின பிளாஸ்டிக் தாள். அதைக் கழுவி எடுக்க வாளி வாளியாக ரசாயனம். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் பிலிம் போய் டிஜிட்டல் தகடு வந்தது. ரசாயனம் நின்றது. ஆனால் தகட்டுக்குள்ளேயும் நல்ல சரக்கு இல்லையாம். புதிதாகக் கண்டுபிடிக்கிற பொருள்களில் ஈயம் சேர்கிறது, ஆயுள் முடிந்து குப்பைக்குப் போனால் அது மண்ணில் இறங்கும் என்கிறார்கள். அதனால் ஈயம் இல்லாமல் செய்து பார்க்கிறார்கள். அதைப் பற்றி அவர்கள் நடத்துகிற கூட்டத்தில்தான் ஜெயந்தி என்னைப் பேசக் கூப்பிட்டார்.

அந்தக் குழுவில் கயல்விழி என்று ஒரு பெண். போன மாதம் நான் அந்தப் பக்கம் போயிருந்தபோது அந்தப் புதுப் பொருளில் செய்த ஒரு வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். செங்கல் நிறத்தில், சுண்ணாம்பு டப்பா மூடி அளவுக்கு இருந்தது.

"இதுல ஈயத்துக்குப் பதிலா பிஸ்மத் சார். வயித்துக்கோளாறு மருந்துல கூடப் போடுவாங்களே, அதே உலோகம்தான். செய்யறப்பவும் விஷமான கரைப்பான் எதுவும் சேர்க்கல."

ஈயமும் நானும் பழைய சினேகிதர்கள். முப்பது வருஷம் கதிரைத் தடுக்கிற ஈய உடுப்பைப் போட்டுத்தான் என் முதுகு போயிற்று. அதனால் அந்தப் பெண் சொன்னது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க காலத்துல பிலிம் கழுவின தண்ணியெல்லாம் எங்க சார் போச்சு?"

பக்கத்தில் நின்ற ஜெயந்தி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சார் அதுக்காகப் பரிசே வாங்கினவரு" என்றார்.

அந்தப் பரிசைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருஷம் சென்னையில் பயிற்சி. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹாஸ்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன், சான்றிதழ் வாங்கினேன். என் ஊர் வடலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டவுன்ஷிப்பில் வேலை கிடைத்ததும் எங்கள் ஊரில் எனக்குக் கலெக்டர் மரியாதை. பர்மனென்ட், குவார்ட்டர்ஸ், வாசலுக்கு வருகிற கம்பெனி பஸ். இந்த மூன்றும் இருந்தால் அந்தக் காலத்தில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்கும் நின்றார்கள்.

வேலையைக் கற்றது இருட்டறையில்தான். சிவப்பு விளக்கு ஒன்று எரியும். பிலிமை எவர்சில்வர் சட்டத்தில் நாலு மூலையிலும் கிளிப் போட்டு மாட்டுவோம். டெவலப்பரில் ஐந்து நிமிஷம். தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு ஹைப்போவில் பத்து நிமிஷம். படத்தை நிலைநிறுத்துகிற கரைசல் அது. கடைசியாக ஓடுகிற தண்ணீரில் அரை மணி நேரம். படத்தில் ஒட்டியிருக்கிற ஹைப்போ முழுக்கப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, படம் பளிச்சென்றுதான் இருக்கும். சில வருஷம் போனால் உள்ளிருந்து பழுப்பேறும்.

எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர் டாக்டர் பத்மாவதி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூடி கழற்றின பேனா, இரண்டும் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். படம் நன்றாக இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லாமல், படம் மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டியின் இடது பக்கம் வைத்துவிடுவார். சாயங்காலம் நாமே போய் அந்த இடது பக்கக் கட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஏன் என்று அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தெரிந்துவிடும். ரொம்பக் கோபம் என்றால் பேனாவின் மூடியைப் போடுவார். முப்பது வருஷத்தில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டது மூன்று தடவையோ நாலு தடவையோதான்.

அவரிடம் ஒரு சோதனை உண்டு. கிணற்றில் போடுவார்களே, அந்தப் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஒரு புட்டியில் வைத்திருப்பார். கழுவி முடித்த பிலிமின் ஓரத்தில் சொட்டுகிற தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அதில் ஒரு சொட்டு விடுவார். ரோஸ் நிறம் அப்படியே நின்றால் ஹைப்போ போய்விட்டது என்று அர்த்தம். நிறம் செத்துப்போனால் இன்னும் இருக்கிறது. "கழுவினது போதுமான்னு கண்ணுக்குத் தெரியாது வேலாயுதம். இதுக்குத்தான் தெரியும்" என்பார்.

இனிமேல்தான் நான் கெட்டிக்காரன் ஆன கதை.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் மனைவியின் அண்ணன் வீட்டில் போர் போட்டு ஏழெட்டு வருஷம்கூட ஆகவில்லை, தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் வெறும் காற்றைத் துப்பியது. அவர் மனைவி இரண்டு குடத்தோடு டேங்கர் வண்டிக்காக ரோட்டில் நின்றார். நான் பேச்சுவாக்கில் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஓடுகிற தண்ணீரில் அரை மணி நேரம் என்று. மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஏன் மாப்ள, இங்க நாங்க கொடத்த தூக்கிகினு ரோட்டுல நிக்கறோம். அங்க நீங்க கொழாய தொறந்து உட்டுகினு நெஞ்சு படத்த குளிப்பாட்டிகினு இருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் டூட்டிக்கு வந்து குழாயைத் திறந்தபோது கை கூசியது. டவுன்ஷிப்பில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாய்க்குப் பதிலாக மூன்று தொட்டி. காலையில் நிரப்பி வைப்பது. பிலிம் முதல் தொட்டியில் பத்து நிமிஷம், இரண்டாவதில் பத்து, மூன்றாவதில் பத்து. ஹைப்போவின் பெரும்பங்கு முதல் தொட்டியிலேயே தங்கிவிடும், மூன்றாவது சுத்தமாக இருக்கும். மறுநாள் காலையில்தான் தண்ணீர் மாற்றுவது. நாள் முழுக்க ஓடின குழாய் மூன்று தொட்டியோடு நின்றுவிடும். பின்பக்கச் சாக்கடையில் போகிற ரசாயனத் தண்ணீரும் குறையும். பெர்மாங்கனேட் சோதனையும் செய்தேன். காலை ஒன்பது மணிக்கு, டாக்டர் பத்மாவதி பக்கத்தில் நிற்க, மூன்றாம் தொட்டியிலிருந்து எடுத்த பிலிமின் சொட்டைப் பிடித்து விட்டேன். ரோஸ் நிறம் ராஜா மாதிரி நின்றது. அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை சோதனை செய்து பதிவேட்டில் எழுதினேன். எப்போதும் காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில்தான் எனக்குக் கை ஒழியும்.

அந்த வருஷச் சுற்றுச்சூழல் தினத்தில் மைதானத்தில் பந்தல் போட்டு எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே ஒரு ஹாட் பாக்ஸும் ஒரு வேப்பங்கன்றும். கன்று இரண்டு மாதத்தில் காய்ந்துவிட்டது. சான்றிதழைச் சட்டம் போட்டு எக்ஸ்ரே அறையில் மாட்டினார்கள். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல மாப்ள, நான் திட்டுனதுக்கு ஒனக்கு பிரைஸு" என்று பாதி உரிமை கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

பிறகு பிலிம் கழுவுகிற மெஷின் வந்தது. தொட்டிகள் போயின. சான்றிதழ் சுவரிலேயே இருந்தது.

தானே புயல் அடித்த மறு வருஷம். டவுன்ஷிப் ரோட்டில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடந்தன. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் செய்யப் பட்டியல் வந்தது. பட்டியலில் பெயர் வந்தவர்கள் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். தகுதி என்று எழுதினால் வேலை. தகுதியில்லை என்று எழுதினால் பெயர் அடிபடும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்காகக் கோயிலுக்கு மொட்டை போட வேண்டிக்கொண்டவர்கள் உண்டு.

கலியமூர்த்தி பெல்ட் கன்வேயருக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை அள்ளிப் போடுகிறவர். நாற்பதைத் தாண்டியவர், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். நல்ல பலசாலி. ஆனால் மார்புப் படத்தில் வலது காறை எலும்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவு நிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. டாக்டர் பத்மாவதி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழைய தழும்பா இருக்கலாம். வேலைக்குச் சேரும்போது எடுத்த படம் இருக்குமே, எடுங்க. அதுலயும் இதே நிழல் இதே அளவுல இருந்தா பயமில்ல, ஃபிட்னு எழுதிடலாம். புதுசா வந்ததுன்னா எழுத முடியாது."

கலியமூர்த்தி வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம். உறையைத் தேடி எடுத்துப் படத்தை வெளியே இழுத்தேன். டிகாஷன் சிந்தின வேட்டி மாதிரி இருந்தது. விலா எலும்புகள் அங்கங்கே தெரிந்தன. காறை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. பழைய பதிவேட்டில் 'தகுதி' என்ற முத்திரை மட்டும் இருந்தது. நிழல் உண்டா இல்லையா என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

விளக்குக்கு நேரே பிடித்து கலியமூர்த்திக்குக் காட்டினேன்.

"இதுல என் நெஞ்சு எங்க சார் கீது?" என்று கேட்டார்.

"பழைய படம் இல்லையா, வயசாயிடுச்சு" என்றேன்.

அவர் போகவில்லை. எக்ஸ்ரே அறைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிக்கெழம போர்டு சார். அதுக்குள்ள ஏதாச்சும் பாருங்க சார். நான் இங்கயே ஒக்காந்துகினு இருக்கறேன்." அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

பழுப்புப் படத்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அங்கேயும் அதையே சொன்னேன், பழசாகிவிட்டது மேடம் என்று. அவர் எழுந்து அலமாரியிலிருந்து தாமே ஒரு உறையை உருவினார். கலியமூர்த்தியின் படத்தைவிட நாலு வருஷம் பழையது. விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையது கண்ணாடி மாதிரி இருந்தது.

"தொட்டி வெச்சுக் கழுவினோமே, அது எந்த வருஷம்?"

சொன்னேன்.

"டெஸ்ட் எத்தனை மணிக்குப் பண்ணுவீங்க?"

"காலையில ஒன்பது மணிக்கு மேடம்."

"கான்ட்ராக்ட் ஆளுங்க படம் எத்தனை மணிக்கு எடுப்போம்?"

எங்கள் வழக்கம் இது. காலையில் பர்மனென்ட் ஊழியர்கள், அவர்கள் குடும்பம், அதிகாரிகள். கான்ட்ராக்ட் ஆட்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல். எழுதின விதி எதுவும் இல்லை. நான் வேலையில் சேர்வதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். இரண்டு மணிக்குள் நாற்பது ஐம்பது பிலிம் அந்தத் தொட்டிகளில் இறங்கி ஏறியிருக்கும். மூன்றாம் தொட்டியே ஹைப்போவாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தண்ணீரில்தான் கலியமூர்த்தியின் படத்தைக் கழுவினேன். அவர் மாதிரி எல்லோருடைய படத்தையும்.

"ரெண்டு மணிக்கு மேல மேடம்" என்றேன்.

அவர் பேனாவின் மூடியைப் போட்டார். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் எங்கேயாவது போய் அழுதிருப்பேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஆவண அறையில் கிடந்தேன். ஒரே தேதியில் எடுத்த உறைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். காலைப் படங்கள் நன்றாகவே இருந்தன. அதிகாரிகளின் நெஞ்சு, அவர்கள் மனைவியரின் முழங்கால், பிள்ளைகளின் மணிக்கட்டு, எல்லாம் பளிச். மதியப் படங்கள் கட்டுக் கட்டாகப் பழுப்பு. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு யார் மேலும் எந்தப் பாகுபாடும் இருந்ததில்லை. ஆனால் நான் வேண்டுமென்றே பிரித்து வைத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் கதவோரம் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தியிடம் சும்மா கேட்டேன். இடையில் வேறு எதற்காவது இங்கே படம் எடுத்தீர்களா என்று.

"சேந்த மறு வருசம் ஏணியிலேந்து உழுந்துட்டேன் சார். தோள்பட்ட. இந்தப் பக்கம்." வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

தோள்பட்டைப் படங்கள் எலும்புப் பிரிவின் அலமாரியில் தனியாக இருக்கும். எனக்கு ஓடத் தெம்பில்லை, ஆனாலும் ஓடினேன். தோள் படம் எடுத்தால் ஓரத்தில் நுரையீரலின் மேல்பகுதியும் விழும், காறை எலும்புக்குக் கீழே ஒரு நாலு விரல். அதைப் பொதுவாக யாரும் பார்க்க மாட்டார்கள். உறை கிடைத்தது. மேலே எழுதியிருந்த நேரத்தைப் பார்த்ததும் மனம் சோர்ந்துபோயிற்று. மதியம் மூன்றரை. இதுவும் பழுப்புத்தான் என்று நினைத்துக்கொண்டே உருவினேன்.

படம் சுத்தமாக இருந்தது. ஓரத்தில், காறை எலும்புக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு நிழல்.

எனக்குப் புரியவில்லை. மூன்றரை மணிப் படம் எப்படிச் சுத்தமாக இருக்கும்? உறையில் ஜெயந்தியின் கையெழுத்து. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தேதியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க லீவா இருந்திருப்பீங்க சார்."

"அதனால?"

"நீங்க இல்லாத நாள்ல நாங்க குழாயிலதான் சார் கழுவுவோம். மதியத்துக்கு மேல தொட்டியில கை விட்டா வழவழன்னு இருக்கும். அதுல போட மனசு வராது."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

ஜெயந்தி சுவரைப் பார்த்தார். "நீங்க பரிசு வாங்கியிருந்தீங்க சார்" என்றார்.

ஒரு முறை அவர் குழாயைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து நான் சத்தம் போட்டிருக்கிறேன். உன் வீட்டுத் தண்ணியாம்மா இது என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பத்மாவதி இரண்டு படங்களையும் ஸ்கேல் வைத்து அளந்தார். ஏழு வருஷத்தில் நிழல் ஒரு நூல்கூட வளரவில்லை. பழைய தழும்பு என்று எழுதினார், தகுதி என்று எழுதினார். கூடவே ஒரு குறிப்பும் அனுப்பினார். பழைய படம் சேதமாகியிருந்தால் அதைக் காரணம் காட்டி யாரையும் தள்ளக் கூடாது, இடத்தை நிறுத்தி வைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று. ஏன் சேதமானது என்று அவர் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கலியமூர்த்தி மனைவியையும் பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு கிலோ லட்டு, எலுமிச்சம்பழம். தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுவிட்டார். "நீங்கதான் சார் எங்க வூட்டு வெளக்கு. மூணு நாளு எனக்காவ தூசில கெடந்தீங்களே." அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயந்தி அப்போது அறையில்தான் இருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லட்டை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டிஜிட்டல் தகடு வந்தது. வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்த பிலிம்களை வெள்ளி பிரித்தெடுக்க லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்லதும் பழுப்பும் ஒன்றாகவே போயின. பிரித்தெடுத்த வெள்ளியில் எது யாருடைய நெஞ்சு என்று இருக்கப்போவதில்லை. நான் ஓய்வு பெற்றேன். பாராட்டு விழாவில் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி என் கையிலேயே கொடுத்தார்கள்.

கயல்விழி அந்தச் செங்கல் வில்லையை என் கையில் வைத்த அன்று, இது எத்தனை வருஷம் மாறாமல் இருக்கும் என்று கேட்டேன். "அதத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கோம். வெயில்ல வெச்சு, ஈரத்துல வெச்சு, மாசா மாசம் அளக்கறோம்" என்றார். எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் என்னைவிட விவரமானவர். மண்ணுக்கு நல்லது செய்கிறவர்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது வந்துவிட்டால் மனிதன் தன்னைத்தானே சோதிப்பதை விட்டுவிடுகிறான். நான் விட்டேன். அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் கலியமூர்த்திக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது நியாயமாகப் படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். வாசலில் முருங்கை, உள்ளே புது சோபா. பெரிய பெண் கல்யாணமாகி விருத்தாசலத்தில் இருக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, ஒன்பது மணி, இரண்டு மணி, பரிசு, லீவு நாள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பரவாயில்லை என்று விட்டால் அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

"அப்ப சேகரு படமும் அப்பிடித்தான் ஆயிருக்கும்" என்றார்.

"எந்தச் சேகர்?"

"என்கூட பெல்ட்டுல இருந்தவன் சார். ஒண்ணாத்தான் வேலைக்குச் சேந்தோம். எனக்கு முந்தின வாரம் அவனுக்கு போர்டு. அவனுக்கும் நெழலுதான். பழைய படத்த எட்தாந்து நீங்கதான் காட்டுனீங்க. பழசு, வயசாயிடுச்சுன்னு சொன்னீங்களாம். சரி சார்னு வந்துட்டான். அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், போனா கதவாண்டயே ஒக்காந்துக்கணும்னு."

"இப்ப எங்க இருக்காரு?"

"திருப்பூர் பக்கம் போனான்னாங்க. அப்பறம் தெரியல சார்." அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். "கட்டையா, கறுப்பா, புருவத்துல வெட்டு இருக்கும். ஒங்களுக்கு அவன் மொகம் ஞாபகம் இருக்குதா சார்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம், அந்த அறை, அந்த விளக்கு எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒருவருக்குப் படம் காட்டும்போது அதை விளக்கை நோக்கித் தூக்கிப் பிடிக்கிறோம். எதிரில் நிற்கிறவரின் முகம் படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

"இல்லை" என்றேன்.